மெல்ட் 13-க்கு அவசரம், 25-க்குப் பொறுமை: கல்லீரல் மாற்றுக்கு எது சரியான நேரம்?

கல்லீரல் எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று காட்டும் மெல்ட் ஸ்கோர் 25 இருப்பவரிடம் “கொஞ்சம் பொறுங்கள், பார்க்கலாம்” என்றும், 13 இருப்பவரிடம் “வீட்டில் யார் கல்லீரல் கொடுக்க முடியும் என்று இந்த மாதமே பேசுங்கள்” என்றும் ஒரே டாக்டர் ஒரே நாள் ஓ.பி.யில் சொல்லலாம். இரண்டுமே சரியாகவும் இருக்கலாம். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் இரண்டு குடும்பங்களும் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் குழம்பித்தான் போவார்கள்.

மெல்ட் என்பது பிலிருபின் (மஞ்சளின் அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை) என்ற மூன்று ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துப் போடும் கணக்கு. 6-இல் தொடங்கி 40-இல் முடியும். இது மாற்று அறுவைக்காகப் பிறந்த கணக்கே இல்லை. கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து ரத்தத்துக்கு வேறு வழி போடும் ‘டிப்ஸ்’ சிகிச்சைக்குப் பிறகு யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று கணிக்க, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவாக்கினார்கள். 2002-இல் அந்த நாட்டில், கிடைக்கும் உறுப்பை யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானிக்க இதையே எடுத்துக்கொண்டார்கள். இது சொல்லும் சேதி ஒன்றுதான்: இப்போதிருக்கும் கல்லீரலோடு அடுத்த 3 மாதங்களில் உயிரிழக்கும் ஆபத்து எவ்வளவு. மருத்துவர்கள் வழக்கமாகக் காட்டும் கணக்குப்படி, 10 முதல் 19 வரை என்றால் சுமார் 6 சதவீதம். 20-களில் சுமார் 20 சதவீதம். 30-களில் பாதிக்குப் பாதி. 40 என்றால் பத்தில் ஏழு பேர்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது அறுவையின் ஆபத்து. நல்ல மையங்களில் மாற்றுக்குப் பின் முதல் ஆண்டைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 90 பேர். அதாவது பத்தில் ஒருவர் அந்த ஆண்டிலேயே போய்விடுகிறார். அப்புறம் ஆயுள் முழுக்க டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை, அதனால் வரக்கூடிய தொற்று, சர்க்கரை, சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு தட்டையும் எடைபோட்டு அமெரிக்காவில் 2005-இல் வந்த ஆய்வு, ஸ்கோர் 15-க்குக் கீழே இருந்தால் மாற்றுவதைவிடக் காத்திருப்பதே பாதுகாப்பு என்று காட்டியது. ‘15-க்கு மேல் போனால் மாற்று’ என்று எல்லோரும் சொல்வது இங்கிருந்து வந்ததுதான். நல்ல விதிதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அடி விழும்.

இரண்டு நோயாளிகள்

முதலாமவர் பெரம்பூரில் இருக்கும் 58 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷ சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், அதிலிருந்து கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ். பிலிருபின் 2, ஐ.என்.ஆர். 1.4, கிரியாட்டினின் 0.9. கணக்குப் போட்டால் மெல்ட் 13. எண்ணைப் பார்த்தால் நிம்மதி. ஆனால் அவருக்கு வயிற்றில் நீர் கோக்கிறது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டு எடுக்கிறார்கள். நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரையைக் கூட்டினால் சோடியம் விழுகிறது. இரவில் தூக்கமில்லை, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், போன வாரம் பழகிய தெருவில் வழி தடுமாறி நின்றிருக்கிறார். வயிறு பெரிதாக இருப்பதால் எடை குறையாதது போலத் தோன்றுகிறது. கை கால்களைப் பார்த்தால் தசை வற்றிப் போயிருக்கிறது.

இவருக்கு மாற்று தேவை. மெல்ட் கணக்கில் வயிற்று நீர் இல்லை, மூளைக் குழப்பம் இல்லை, தசை இல்லை. சோடியத்தைச் சேர்த்துப் பின்னால் வந்த திருத்தக் கணக்கில் இதே மனிதரைப் பாருங்கள்: அவருடைய சோடியம் 128 என்றால் 13 என்பது 21 ஆகிவிடுகிறது. எனவே உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் மெல்ட் மட்டும் எழுதியிருந்தால், சோடியத்தோடு சேர்த்தால் எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். பெண்களுக்கு இன்னொரு சிக்கல். தசை குறைவாக இருப்பதால் சிறுநீரகம் கெட்டாலும் கிரியாட்டினின் பெரிதாக ஏறாது. எண் அவர்களை உண்மையைவிட ஆரோக்கியமாகக் காட்டும். அண்மையில் வந்த மெல்ட் 3.0 கணக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு, பெண்களுக்குக் கூடுதல் புள்ளியும் கொடுப்பது இதனால்தான்.

இரண்டாமவருக்கு 41 வயது, எண்ணூர்ப் பக்கம். தினமும் டாஸ்மாக். மூன்று வாரமாகக் கண்ணெல்லாம் மஞ்சள். பிலிருபின் 12, ஐ.என்.ஆர். 2.2, கிரியாட்டினின் 1. மெல்ட் 25. குடும்பம் அலறுகிறது. ஆனால் இது பல வருஷமாகத் தேய்ந்து தேய்ந்து வந்த 25 இல்லை. குடியால் திடீரென்று வெந்துபோன கல்லீரலின் 25. குடியை அடியோடு விட்டு, சத்தாகச் சாப்பிட்டு, தொற்று வராமல் பார்த்துக்கொண்டால், ஆறு மாதத்தில் பிலிருபின் 2-க்கும் ஐ.என்.ஆர். 1.3-க்கும் இறங்கி ஸ்கோர் 12-க்கு வந்தவர்கள் உண்டு. அப்படி இறங்கிவிட்டால் அறுவையே வேண்டாம்.

எல்லோருக்கும் இறங்குவதில்லை என்பதுதான் வம்பு. இப்படிக் குடியால் வரும் கல்லீரல் அழற்சி (மது ஹெபடைடிஸ்) கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்து, ஏழாம் நாள் ‘லில்’ என்ற கணக்கைப் போடுவார்கள். 0.45-க்கு மேல் வந்தால் மருந்து பிடிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் தாங்குவதில்லை. குடியை விட்டு ஆறு மாதம் ஆனால்தான் மாற்று என்ற பழைய விதி இவர்களிடம் எடுபடாது. அந்த ஆறு மாதமே அவர்களுக்கு இல்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஆறு மாதம் காத்திருக்காமல் மாற்றுச் செய்து, உயிர் தப்பியோர் எண்ணிக்கை கணிசமாகக் கூடியதை 2011-இல் காட்டினார்கள். அதன்பிறகு உலகெங்கும் பல மையங்கள் நாளை எண்ணுவதைக் குறைத்துக்கொண்டு ஆளைப் பார்க்கின்றன: தனக்குக் குடிநோய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறாரா, வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறதா, மனநல மருத்துவர் என்ன சொல்கிறார். என் கருத்தைக் கேட்டால், ஆறு மாதம் என்பதைத் தண்டனைக் காலமாக நடத்துவது தவறு. ஆனால் கல்லீரல் தானே தேறுகிறதா என்று பார்க்கக் கிடைத்த அவகாசமாக அது அருமையானது. தேறக்கூடியவருக்கு மகனின் கல்லீரலை வெட்டி வைத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

இதே நியாயம் வைரஸ் நோய்களுக்கும் பொருந்தும். ஹெபடைடிஸ் சி-யை இப்போது பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை கொடுத்தே நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாக்கிவிடலாம். பி-யைத் தினசரி ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018-இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். வைரஸ் அடங்கியதும் வயிற்று நீர் வற்றி, மாற்றுக்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘மாற்று வேண்டுமா’ என்ற கேள்விக்கு முன்னால் ‘கெடுத்தது எது, அதை நிறுத்தியாகிவிட்டதா’ என்ற கேள்வி வர வேண்டும். ஸ்கோர் ஒரு நாளைய எண். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே பெரிய சேதி. மூன்று மாத ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஸ்கேனில் ‘சிரோசிஸ்’ என்று ஒரு வார்த்தை வந்ததுமே மாற்றுப் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. தேவையில்லை. நீர் கோக்காமல், ரத்த வாந்தி இல்லாமல், மஞ்சளோ குழப்பமோ இல்லாமல் இருக்கும் சிரோசிஸோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் சாதாரணமாக ஓட்டலாம். அந்த நான்கில் ஒன்று வந்த நாளிலிருந்துதான் கணக்கு மாறுகிறது. அதன்பின் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் சராசரி ஆயுள் இரண்டு வருஷம் அளவுக்குச் சுருங்கிவிடும். முதல் முறை நீர் கோத்தபோதே மாற்று மையத்தில் ஒருதரம் காட்டிவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். காட்டுவது வேறு, அறுப்பது வேறு. மையத்துக்குப் போனாலே ஆபரேஷன் டேபிளில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு வருஷம் கீழாநெல்லியிலும் பெயர் தெரியாத சூரணங்களிலும் கடத்திவிட்டு, கடைசியில் சிறுநீரகமும் கெட்டபிறகு வருகிறார்கள். (உடம்புக்கு நல்லது என்று குடிக்கும் சீந்தில் கஷாயமே கல்லீரல் அழற்சியைக் கிளப்பிய நோயாளிகளை இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.)

ஸ்கோர் செல்லாத இடங்கள் இன்னும் இரண்டு. சிரோசிஸில் புற்றுக்கட்டி வந்தால் மெல்ட் 8 ஆக இருந்தாலும் மாற்றுப் பற்றிப் பேச்சு வரும். ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிவரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாயில் பரவாமல் இருக்க வேண்டும் என்பது 1996-இல் மிலானில் வகுத்த வரம்பு. கல்லீரல் நன்றாக வேலை செய்து, கட்டியும் சிறிதாக இருந்தால், வெட்டி எடுப்பதோ சூடுவைத்துக் கருக்குவதோ போதும். கட்டியோடு நீரும் மஞ்சளும் சேர்ந்திருந்தால் மாற்றுதான் இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும். இன்னொரு இடம் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு. நேற்றுவரை நன்றாக இருந்தவர், மஞ்சள் வந்து சில நாளில் நினைவு தப்புகிறார். தமிழ்நாட்டில் இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். அரசு அதன் விற்பனையைத் தடைசெய்திருக்கிறது. இங்கே மாதமும் வாரமும் கிடையாது, மணிக்கணக்குதான். மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே மாற்றிவிட வேண்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையிலேயே பலர் தேறிவிடுகிறார்கள், தேறாவிட்டால் அவசரப் பட்டியலில் முன்னுரிமை உண்டு.

பட்டியலா, வீட்டிலேயே கொடையாளரா?

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். சென்னைக் குடும்பங்களின் உண்மையான தலைவலி இங்கே தொடங்குகிறது.

அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் வருகிறது. ஆகவே யாருக்கு எப்போது என்பதை ஸ்கோர் முடிவுசெய்கிறது. இந்தியாவில் பெரும்பாலான கல்லீரல் மாற்றுகள் உயிருள்ள உறவினர் கொடுக்கும் பகுதிக் கல்லீரலால் நடப்பவை. நாட்டில் வெற்றிகரமாக நடந்த முதல் மாற்றே அப்படித்தான்: 1998-இல், பித்தநாளம் உருவாகாமல் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அதன் அப்பா தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார், அறுவை டெல்லியில் நடந்தது. கொடையாளர் வீட்டிலேயே இருந்தால் தேதியைக் குறிப்பது ஸ்கோர் இல்லை, குடும்பம். அதனால்தான் இங்கே இரண்டு விதமான தவறும் நடக்கிறது. “பொண்ணு கல்யாணம் முடியட்டும் சார், தை பிறக்கட்டும்” என்று தள்ளித் தள்ளி, தசையெல்லாம் கரைந்தபிறகு வருவது ஒன்று. வசதி இருக்கிறது, மகன் தயார் என்பதற்காக, மருந்தில் தேறக்கூடியவருக்கு முந்திக்கொண்டு செய்துவிடுவது இன்னொன்று.

பட்டியலின் பக்கம் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர். 2008-இல் மாநில அரசின் மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடுத்தது சென்னையையே உலுக்கியது. இப்போது ‘டிரான்ஸ்டான்’ எனும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பங்கீட்டைக் கவனிக்கிறது. கொடையாளர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023-இல் முதலமைச்சர் அறிவித்தார். மாற்று உரிமம் பெற்ற ஒரு மருத்துவமனை வழியாகத்தான் பதிவுசெய்ய முடியும். யாரும் கத்திக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை, முழுக் கல்லீரல் கிடைக்கும், செலவும் குறையும் என்பவை இதன் பலம். பலவீனம், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தப்பிரிவும் உடல் அளவும் ஒத்துவர வேண்டும். போன் வந்தால் சில மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். செங்கல்பட்டில் இருப்பவர்கூட மருத்துவமனைக்கான பையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

உறவினர் கொடுத்தால் நேரம் நம் கையில். பெறுபவர் ஓரளவு தெம்பாக இருக்கும்போதே செய்யலாம். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, உயிருள்ள கொடையாளர் இருந்தால் சோடியம் சேர்த்த ஸ்கோர் 11-லிருந்தே உயிர்ப்பலன் தெரிகிறது என்றது. பெரம்பூர்க்காரருக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆனால் இங்கே ஆபத்தில் இறங்குபவர் இன்னொருவர். பெரியவருக்கு வழக்கமாக வலது பக்கப் பகுதி, அதாவது கொடையாளர் கல்லீரலில் 60 சதவீதம்வரை எடுக்கிறார்கள். சில மாதங்களில் அது வளர்ந்துவிடும், அது உண்மை. கொடையாளர் உயிரிழக்கும் ஆபத்து ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஐந்துவரை என்பதும் உண்மை. பித்தக்கசிவு, காய்ச்சல், மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமை போன்றவை இன்னும் சகஜம். உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவு. மற்றவர்கள் கொடுக்க வேண்டுமென்றால் அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ரத்தப்பிரிவு ஒத்துவராத இரு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளவும் அந்தச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியாவில் கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். மாமியார், நாத்தனார், மூத்தார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும் அறையில் “உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டால் எந்த மனைவி இல்லை என்பாள்? கொடையாளரைத் தனியாக அழைத்துப் பேசும் மையமா என்று பாருங்கள். அவர் மனமில்லை என்றால், ‘மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி அவரைக் காப்பாற்றும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அது பொய் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

என் தேர்வு என்ன என்றால், இரண்டில் ஒன்றைப் பிடித்துத் தொங்காமல் இரண்டையும் சேர்ந்தாற்போல் ஓட்டுவது. பட்டியலில் பதிந்துவிட்டு, அதே வாரத்தில் வீட்டில் 18 முதல் 50, 55 வயதுவரை இருப்பவர்களின் ரத்தப்பிரிவைக் கேட்டுவையுங்கள். காரணம் ரொம்பச் சாதாரணம்: கொடுக்க முன்வரும் மகனுக்கும் மருமகனுக்கும் கொழுப்புக் கல்லீரல் இருக்கும். உடற்பயிற்சி, உணவுக்கட்டுப்பாடு என்று அதைக் கரைக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும். ஸ்கோர் 13 இருக்கும்போது தொடங்கினால் அந்த மாதங்கள் கிடைக்கும். 30-ஐத் தொட்டபின் தொடங்கினால் கிடைக்காது. நோயாளி மருந்திலேயே தேறிவிட்டால்? நல்லதாயிற்று, மகனுக்கு எடை குறைந்ததுதான் மிச்சம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தனியார் மருத்துவமனையில் பொதுவாக 20 லட்சத்தைத் தாண்டும். ஸ்டான்லி, ராஜீவ் காந்தி ஆகிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும். அறுவைச் செலவை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கொடையாளரின் பரிசோதனை, அறுவைக்குப் பின் மாதாமாதம் மாத்திரை, ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் சோதனை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: மாற்றே வேண்டாம் என்பது. வேறு உறுப்பில் புற்று, தாங்காத இதயம், அடங்காத தொற்று, வென்டிலேட்டரில் பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழந்த நிலை என்றால் மையங்களே தயங்கும். வயதும் தளர்ச்சியும் சேர்ந்தவர் தானே வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்போது வலியையும் நீரையும் குழப்பத்தையும் அடக்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வலிதணிப்பு மருத்துவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும் காத்திருக்கும் நாட்களில் உடம்பைக் கரையவிடக் கூடாது. கல்லீரல் நோய் என்றால் முட்டை, பருப்பு கூடாது என்று நிறுத்துவது பழைய பழக்கம்; இப்போது கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள். தூங்கப் போகுமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டால், இரவுப் பட்டினியில் தசை கரைவது குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒதுக்குங்கள். மூட்டுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ புதுக் குழப்பமோ வந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் அன்றே போய் அந்த நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐத் தாண்டியிருந்தால் நீரில் தொற்று. நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் உடனே தொடங்க வேண்டும். குணமாகி வீடு திரும்பினாலும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மாற்று மையத்துக்கு அனுப்பிவையுங்கள். ஒருமுறை இந்தத் தொற்று வந்தவருக்கு, ஸ்கோர் என்னவாக இருந்தாலும், முன்பு சொன்ன “பார்க்கலாம்” இனிப் பொருந்தாது.